கரண்ட் போன நேரம்

"நீங்க இப்ப தனியா இருக்கீங்களா?" என்று செல்போன் திரையிலிருந்து கேட்டார் கவுன்சலர் சரண்யாதேவி.

அஸ்வினி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மாடியில் ஒருவர் வேட்டி காயப்போட்டார். எதிர் மாடியில் ஒரு சேவல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"செல்லூர்ல இதுக்கு மேல தனியா இருக்க முடியாது மேடம்."

"யாராவது கேட்டுருவாங்கன்னு பயமா இருக்கா?"

"இல்ல மேடம். தெரு பூராம் தறி ஓடுது. கத்தினாலும் கேக்காது."

குழந்தை பிறந்ததிலிருந்து அஸ்வினி சிரிக்கவே இல்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ்தான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆன்லைன் கவுன்சலிங் பற்றிச் சொன்னார். கணவன் அருள்பாண்டி அன்றைக்கே பதிவு செய்துவிட்டான். மாமியாரிடம் மட்டும் 'ஆன்லைன்ல தையல் கிளாஸ்' என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

"மாத்திரை எழுதித் தருவீங்களா மேடம்?"

"நான் டாக்டர் இல்லைங்க. தேவைப்பட்டா டாக்டர்கிட்ட அனுப்புவேன்."

"அப்ப புத்தி சொல்லுவீங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதான் மேடம் செய்வீங்க?"

"நீங்க சொல்றதக் கேப்பேன். இன்னைக்கு முதல் நாள். கொஞ்சம் பழகிக்குவோம். நீங்க சொல்றது வெளிய போகாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லுவேன். எல்லார்கிட்டயும் கேக்குறதுதான், உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செஞ்சிரணும்னு தோணுதா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம்." அஸ்வினிக்குக் கண் கலங்கியது. தறிச் சத்தத்தை மீறி உரக்கப் பேசினாள். "அவ அழுதா எந்திரிச்சு ஓடிரலாம்னு இருக்கு. பெத்த பிள்ளையத் தூக்கவே…"

கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன.

"…எனக்குப் பிடிக்கல மேடம்."

அந்த வார்த்தை தெருமுனை வரைக்கும் போனது. கீழே யாரோ டீ கிளாஸைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. சேவல்கூடக் கூவவில்லை. அஸ்வினிக்கு அப்படியே தொட்டிக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த நொடி கீழ்வீட்டு அழகம்மாளின் குரல் கிளம்பியது. "ஏய்யா கருத்தக்கண்ணா, வெளிய வாய்யா. உன் முருங்கமரம் எதுக்குய்யா என் வாசல எட்டிப் பாக்குது?"

எதிர்வீட்டுக் கருத்தக்கண்ணன் சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார். "என்னத்தா சொல்ற? அது உன் மரம்."

"என் மரமா இருந்தா, உனக்குத் தட்டிக் கேக்க வாயில்லையா?"

சண்டை பிடித்துக்கொண்டது.

"அங்க என்ன சத்தம்?" என்றார் சரண்யாதேவி.

"அழகம்மா அக்கா மேடம். அவங்க வாய்க்குத் தெருவே பயப்படும்."

அந்தக் கூச்சலில் இனி எதுவும் யாருக்கும் கேட்காது என்று தோன்றியது. அஸ்வினி மிச்சத்தையும் சொல்லி அழுது முடித்தாள்.

கீழே இறங்கியதும் மாமியார் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "தையல் கிளாஸ்ல எதுக்குடி அழுத?"

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அருள்பாண்டி முந்திக்கொண்டான். "இன்னைக்குக் காஜா எடுக்கச் சொன்னாங்களாம்மா. ரொம்பக் கஷ்டமாம்."

வாராவாரம் வகுப்பு நடந்தது. கரண்ட்டும் வாராவாரம் போனது. போன மறுநொடி அழகம்மாள் வாசலுக்கு வந்துவிடுவாள். ஒரு வாரம், கருத்தக்கண்ணன் வீட்டுச் சேவல் தன்னைப் பார்த்து ஒரு மாதிரி கூவியதாகச் சண்டை. இன்னொரு வாரம், அவர் தும்மிய தும்மலில் தன் வீட்டுப் பால் திரிந்துவிட்டதாகச் சண்டை.

அஸ்வினிக்கு எரிச்சலாக இருந்தது. 'நான் வாயத் தொறந்தாலே இந்த அக்காவுக்குப் பொறுக்கல' என்று அருள்பாண்டியிடம் புலம்பினாள்.

அடுத்த வகுப்பன்று அவளுக்குச் சொல்வதற்கு நல்ல சேதி ஒன்று இருந்தது.

"மேடம், நேத்துப் பாப்பா என் விரலப் பிடிச்சுக்கிட்டா. வழக்கமா உருவிக்கிருவேன். நேத்து அப்படியே விட்டுட்டேன். கொஞ்ச நேரம்…" அந்த விரலைப் பார்த்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு மேடம்."

கரண்ட் போனது.

"வெளிய வாய்யா கருத்தக்கண்ணா," என்று தொடங்கினாள் அழகம்மாள்.

அஸ்வினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா மேடம், இதச் சொல்றப்பக்கூட விட மாட்டேங்குறாங்க. நான் என்னதான் செய்ய?"

"நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?"

"கீழ போயி நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

"கேட்டுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அஸ்வினி படியிறங்கி ஓடினாள்.

வாசலில் அழகம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். ஒருத்தி ஒரு சொம்புத் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றாள்.

கருத்தக்கண்ணன் வீட்டுக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது.

நாலு கேள்வியும் அஸ்வினிக்கு மறந்துபோனது. "யாருகூடக்கா சண்டை போடுறீங்க? வீடு பூட்டிக் கெடக்கே?"

அழகம்மாள் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"அந்த ஆளு கல்யாண வீட்டுக்குத் திருவாதவூர் போயிட்டாரு. அதுக்கு நான் என்ன செய்ய, கரண்ட் இன்னும் வரலையே," என்றாள் அடங்கிய குரலில். "நீ மேல போயிப் பேசி முடி தாயி. அதுவரைக்கும் நான் பூட்டோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்."