வார்னிஷ் பூசிய மீன்

அவள் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது எப்படி இருந்துச்சு?"

சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்திருந்தது. சாம்பார் வாசம் ஒவ்வொரு படுக்கையாக நலம் விசாரித்துக்கொண்டு வந்தது.

என் மனைவியின் மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. மூக்கில் செருகிய குழாய் வழியாக ஒரு டம்ளர் கஞ்சி. வயிறு நிறைந்துவிடும். பசி மட்டும் வாயிலேயே உட்கார்ந்திருக்கும்.

உணவுக்குழாயில் கட்டி. பத்தொன்பது நாளாக எச்சில்கூட இறங்கவில்லை. கிண்ணத்தில் துப்பிக்கொள்கிறாள்.

அதனால்தான் இந்தப் புத்தகம்.

சமையல் புத்தகம். பதிப்பாளருக்கு ஏதோ தோன்றி, பதார்த்தங்களை நிறம் நிறமாகப் பிரித்திருந்தார். படங்கள் நான் எடுத்தவை. உள்ளே எங்கோ எறும்பு அளவு எழுத்தில் என் பெயர் இருக்கிறது. எறும்புகள் படித்திருக்கக்கூடும்.

அவள்தான் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னாள். வேளைக்கு ஒரு பக்கம். காலையில் வெள்ளை, இட்லி. நேற்று மதியம் மஞ்சள், எலுமிச்சை சாதம். அவள் பக்கத்தைக் காட்டுவாள். நான் ருசி சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

பிறகு புத்தகம் வார்டைச் சுற்றும். பக்கத்துப் படுக்கை ஞானப்பூ அக்காவுக்கு எழுத்து தெரியாது. முறுக்குப் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள்.

இந்த வேளைக்குச் சிவப்பு.

மண்சட்டியில் மீன் குழம்பு.

"நல்ல காரம்" என்றேன். "ஆனா உறுத்தாது. தேங்காய்ப்பால் ஊத்தியிருந்தாங்க. அது காரத்தை அப்படியே மடியில போட்டுத் தட்டிக் குடுத்துடும்."

எனக்கே பிடித்திருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். எதிர்ப்பக்கத்தில் இருந்த செய்முறையை மெதுவாக, விரல் வைத்து, முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"இதுல தேங்காயே கிடையாதே."

பதினொரு சமையல் புத்தகங்களுக்குப் படம் எடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படம் எடுப்பவன் எதற்குப் படிக்க வேண்டும் என்றுதான் இருந்துவிட்டேன்.

"நீங்க இதைத் தின்னதே இல்ல" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மீன் வேகவே இல்லை என்று. வெந்தால் உடைந்துவிடும், அதனால் பச்சை மீனுக்கு நானே தூரிகையால் வார்னிஷ் பூசினேன் என்று. குழம்பு மேல் மினுங்குவது இன்ஜின் ஆயில். இட்லிக்குப் பின்னால் எழும்புவது ஆவியில்லை, மறைத்து வைத்த ஊதுபத்தியின் புகை. தயிர், ஒட்டுகிற பசை. படம் எடுத்து முடித்ததும் எல்லாம் குப்பைக்குத்தான் போகும். நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கும்.

கடைசியில் சொன்னதற்கு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

சிரிக்கவில்லை.

இருபத்தாறு வருடமாக, ஊரிலுள்ள நல்ல சமையலையெல்லாம் ருசித்துவிட்டு வந்து தன் ரசத்துக்கும் கையேந்துகிற மனுஷன் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பு எனக்கும் சுகமாக இருந்தது. திருத்தவில்லை.

இப்போது திருத்தியாயிற்று. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரே சாப்பாட்டில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று.

சாப்பாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஞானப்பூ அக்கா தட்டை வாங்கிக்கொண்டு, வழக்கம் போல எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். அவளுடைய மரியாதை அது.

"காலைல என்ன சாப்ட்டீங்க?" என்றாள் மனைவி.

"பொங்கல்" என்றேன். "கேன்டீன்ல. நெய்யெல்லாம் விட்டு."

"அதையாவது தின்னுட்டுச் சொல்றீங்களா?"



இரண்டு நாளாக டீதான். கேன்டீன் வரை போகிறேன். தட்டை வாங்கி உட்கார்ந்ததும் அந்தக் குழாய் ஞாபகம் வந்துவிடுகிறது. எழுந்து வந்துவிடுகிறேன். திரும்பி வரும்போது, சாப்பிட்டவன் மாதிரி தெரிய, வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். அந்த நடிப்பை அவள் எத்தனை வேளையாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

அவள் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். படத்தை உள்ளங்கையால் மூடினாள்.

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

மெதுவாகத்தான். நடுநடுவே கிண்ணத்தை எடுக்க வேண்டியிருந்தது. சின்ன வெங்காயத்தை நறுக்கக் கூடாதாம், ஒரு தட்டுத் தட்டிப் போட வேண்டுமாம். புளித்தண்ணீர் கொதித்து, பச்சை வாசம் போய், எண்ணெய் ஓரம் கட்டினால்தான் மீன். மீன் விழுந்த பிறகு கரண்டி போடக் கூடாது. சட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு ஆட்டு, அவ்வளவுதான். அடுப்பிலிருந்து இறக்கியதும் ஊற்றிக்கொள்கிறவன் அவசரக்காரன். மறுநாள் காலையில்தான் அது குழம்பு. சட்டியின் அடியில் வழித்த கடைசிக் கரண்டியை, நீர் வடித்த பழைய சோற்றில், ஓரமாக.

ஓரமாக என்று சொல்லும்போது விரலால் காட்டினாள். வெறும் காற்றில், சோற்றில் ஒரு சின்னக் குழி.

ஞானப்பூ அக்காவின் தட்டிலிருந்து சத்தம் நின்றிருந்தது.

"உப்பு காணுமா?" என்று, காட்டிய விரலை எடுக்காமலே என்னைக் கேட்டாள்.

என் வாய் முழுக்க ஊறி நின்றது. அவள் முன்னால் கூடாது என்று அடக்கிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பினேன். கையால் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

விழுங்கினேன்.

என் தொண்டைக்குழி ஏறி இறங்குவதை, அது அடங்கும் வரை, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.