ஓடாத ஆறு ஆட்டோ

"வண்டி ஓடாது. போயி வேற சோலியப் பாருங்க."

ஆட்டோவின் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்தபடி ஸ்மைலின் சொன்னதும் கவுன்சிலர் ஷைஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலவிளை முக்கில் ஆறு ஆட்டோவும் வரிசையாக நின்றன. இரணியல் ஸ்டேஷனுக்கும் தக்கலைக்கும் போக வேண்டிய சனம் வெயிலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளை விட்டுவிட்டு இன்றைக்கா ஸ்ட்ரைக்?

மேலவிளை ரோட்டை அகலப்படுத்தி மினி பஸ் விட, அரசிடம் நிதி கேட்டு நகராட்சி மூன்று வருடமாக மனுப் போடுகிறது. முதல் ஆய்வுக்கு சேர்மன் ஆள் சேர்த்துக்கொண்டு பொன்னாடையோடு போய் நின்றார். 'அழைத்து வரப்பட்ட கூட்டம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். இரண்டாவது ஆய்வில், 'போதிய பயணிகள் இல்லை.' இன்று மூன்றாவது. இதிலும் தோற்றால் ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள்.

"பஸ் வராம இந்த வார்டுல இனி ஓட்டுக் கேட்டு வரமாட்டேன்" என்று மைக்கிலேயே சொன்னவள் ஷைஜா. விடுவாளா?

"ஏலே ஸ்மைலின், பஸ் வந்தா ஒங்க பொழப்பு போவும்னுதான இந்தக் கூத்து? 'ஆட்டோக்காரங்க எதிர்ப்பு'ன்னு ஆய்வுக்கு வார சார் ஒரு வரி எழுதினா போதும், எல்லாம் பாழ். வண்டிய எடுலே!"

"எடுக்க முடியாதுக்கா."

"ஸ்டாண்டையே தூக்கிருவேன் பாத்துக்க!"

"தூக்குங்க. சாயங்காலமா தூக்குங்க."

ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்த ஹமீதா பீவியை மட்டும் ஓர் ஆட்டோ ஏற்றிக்கொண்டு போனது. இதுவும் ஒரு நல்ல பிள்ளை வேஷம் என்று ஷைஜா பல்லைக் கடித்தாள்.

எட்டரைக்கு ஜீப் வந்தது. ஆய்வுக்குச் சென்னையிலிருந்து வந்த பொறியாளர் இறங்கினார்.

நர்சிங் மாணவிகள், முந்திரி ஆலைப் பெண்கள், மீன் விற்கப் போகிறவர்கள் என்று ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம். ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஸ்மைலினைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

அவர் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். நூற்றுப் பதினாலு.

"ஏம்ப்பா ஆட்டோ ஓடல? பஸ்ஸுக்கு எதிர்ப்பா?"

ஷைஜாவுக்கு உயிரே போய்விட்டது.

ஸ்மைலின் எழுந்துகூட உட்காரவில்லை. "எதிர்ப்பு ஒண்ணும் இல்ல சார். இன்னைக்கு ஓட்ட மனசில்ல. எங்க வண்டி, எங்க இஷ்டம்."

"திமிரப் பாத்தியளா சார்? இவனுவள நம்பித்தான் நாங்க கெடக்கோம்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

பொறியாளர் முகம் சிவந்தார். "இந்த மாதிரி ஆளுங்களை நம்பி ஒரு ஊரே நிக்கக் கூடாதும்மா. நிதி ஒதுக்கச் சொல்லி நானே எழுதறேன்" என்று ஷைஜாவிடம் சொல்லிவிட்டு, அங்கேயே ஜீப் பானட்டில் வைத்து எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஜீப் வளைவில் திரும்பியதுதான் தாமதம், ஆட்டோக்கள் எல்லாம் ஒன்றாக உறுமின.

"ஏறுங்க, ஏறுங்க! நேரமாச்சு!"

ஷைஜா ஸ்மைலினின் வண்டியை மறித்து நின்றாள். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

"நல்லா மூக்கறுபட்டியாலே? ஒன்னால ஆனதச் செஞ்சு பாத்த. இப்ப எங்க பஸ்ஸு வருது, என்ன செய்வ?"

"வரட்டும்க்கா" என்றான் ஸ்மைலின். "போன தடவ அந்த சார் வாரதுக்கு முன்னாலயே ஆளுவளையெல்லாம் ஏத்திட்டுப் போயி ரோட்டக் காலியாக்கினது நாங்கதான. இன்னைக்கும் ஓட்டியிருந்தா, அவரு யார எண்ணியிருப்பாரு?"