கிரீன்லாந்திலிருந்து வந்த கல்

கத்தியைக் கையில் கொடுத்தும் குன்வோர் கேக்கை வெட்டவில்லை. ஸ்வீடனின் உப்சாலா புதைபடிவ ஆய்வுக்கூடமே காபியும் கையுமாகக் கொண்டாடியது. அவள் முகத்தில்தான் ஈயாடவில்லை.

"எத்தனை வருஷச் சண்டை! இன்னிக்கு அந்த ஆர்விட் மூக்கு உடைஞ்சு நிக்கிறாரு. கொஞ்சம் சிரிங்க குன்வோர்!" என்றான் சக ஆய்வாளன் யெஸ்பர்.

சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் கரைத்தால் ஐம்பது கோடி ஆண்டுப் பழைய ஓடுகள் தனித்தனியாகத்தான் உதிரும். எது எதோடு சேர்ந்தது என்று யார் கண்டது? தட்டையான ஓட்டுக்கு குன்வோர் 'ஓலாந்தியா' என்று பெயர் வைத்தாள். மறு வருஷம் கூம்பு ஓட்டுக்கு லுண்ட் நகரத்து ஆர்விட் 'சுன்னிவெல்லா' என்று வைத்தார். தன்னுடையது நத்தை வகை என்று அவரும், தன்னுடையது புழு வகை என்று இவளும் அடித்துப் பேசி வந்தார்கள்.

இப்போது கிரீன்லாந்துக் குழு அனுப்பிய கல்லில் கூம்பின் வாய்க்கு மூடியாக அந்தத் தட்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே பிராணி! முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், மற்றது செல்லாது என்பது விதி.

"சுன்னிவெல்லாவாம்! எந்தக் காதலியோட பேரோ," என்று சிரித்தான் யெஸ்பர்.

"பேரைக் கிண்டல் பண்ணாதே." குன்வோர் சுள்ளென்று விழுந்தாள்.

கைபேசி அடித்தது. ஆர்விட்! அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நல்லாப் பாத்தியா, குன்வோர்?"

"பாத்துப் பாத்துக் கண்ணே பூத்துப்போச்சு. சந்தேகமே இல்ல."

"விதிவிலக்கு கேட்டா?"

"ஊரே பழகின பேரா இருந்தா குடுப்பாங்க. இந்தப் பேரை நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரு சொல்றா?"

"நீ எழுதாம விட்டுட்டா?"

"கிரீன்லாந்துக் குழுகிட்ட இதே மாதிரி இன்னும் கல்லு இருக்கு. நான் விட்டா வேற யாராவது எழுதிடுவாங்க."

வெளியே அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். அழக்கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை.

"நம்ம பொண்ணு சுன்னிவாவை ரெண்டாவது தடவையும் பறிகொடுத்துட்டோமே, ஆர்விட்!"