கழிவு வண்டி வந்த நாள்

லீவரைத் தொடுவதற்கு முன் அந்தோணிராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அவர் மனைவி அமலி, முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்ண்ணா. சொல்லிக்குடுத்த மாதிரியே மெதுவா இழுங்க," என்றார் பக்கத்தில் நின்ற இன்ஜினியர் மதன்குமார்.

லீவர் கீழே வந்தது. குட்டியானை வண்டியின் மேலிருந்த மோட்டார் உறுமியது. தொட்டிக்குள் விட்டிருந்த தடித்த ஓஸ் ஒருமுறை துள்ளி, பிறகு கழிவை உறிஞ்ச ஆரம்பித்தது. அமலி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். கணவர் தரையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே இருக்கும் அந்தக் காலனி முழுவதற்கும் ஒரே பொதுக் கழிவுத் தொட்டிதான். அது நிரம்பி வழியும்போதெல்லாம் அந்தோணிராஜைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வாளியோடு உள்ளே இறங்குவார். ஆளை இறக்குவது குற்றம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால், "வெளிய சொல்லிப்போடாதப்பா" என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அமலியின் தம்பி ஜெரால்டு பெருந்துறைப் பக்கம் இப்படி ஒரு தொட்டிக்குள் இறங்கியவன், உயிரோடு மேலே வரவில்லை. அதற்குப் பிறகு அந்தோணிராஜ் வேலைக்குப் போன நாளில், அவர் தலை தெரியும்வரை அமலி அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை.

சின்ன ஊர்களின் கழிவுநீர்ச் சிக்கலுக்குத் தொழில்நுட்ப உதவி செய்ய, கோயமுத்தூரில் ஓர் அறக்கட்டளைக்கு மானியம் கிடைத்தது. அந்தத் திட்டத்தில்தான் மதன்குமார் வந்தார். வந்த அன்றைக்கே அமலி கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். பாதி ஊர் "ஏப்பா" என்று அழைக்கும் மனிதரை "அண்ணா" என்று கூப்பிட்டார்.

அதன்பின் வாராவாரம் வந்தார். ஓஸை எப்படி மாட்டுவது, அடியில் இறுகிக் கிடக்கும் கசடை மேலே நின்றே எப்படிக் கலக்குவது என்று சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

"தொட்டி காலியாத்தானே இருக்குதுன்னு நெனச்சு மட்டும் எறங்கிப்போடாதீங்ண்ணா. உள்ள நிக்கற வாயு கண்ணுக்குத் தெரியாது. ஆளையே சாச்சுப்போடும்," என்றார் ஒரு நாள்.

"என்ற மச்சானை அதுதானுங்க கொண்டு போச்சு," என்றார் அந்தோணிராஜ்.

மதன்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க உள்ள எறங்கி வேலை செஞ்சப்ப எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்குதுங்ளா?" என்று கேட்டார்.

அந்தோணிராஜ் சிரித்துவிட்டார். "எங்க கல்யாணத்துக்கே ஒரே ஒரு போட்டோதானுங்க புடிச்சோம். இதையெல்லாம் யாருங்க வந்து புடிப்பாங்க?"

இன்று மோட்டார் நின்றபோது தொட்டியின் அடித்தளம் தெரிந்தது. அந்தோணிராஜின் வெள்ளைச் சட்டை காலையில் தேய்த்துப் போட்டது போலவே இருந்தது. அமலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒரு பொட்டுக்கூடப் படலீங்க."

"இன்னிக்கு ஊட்டுக்குப் போனதும் நேரா சோத்துல கை வெக்கலாமாட்ட இருக்குது, அமலி."

பஞ்சாயத்துத் தலைவர் திருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். "இனிமே நம்மூர்ல ஒரு மனுசன் தொட்டிக்குள்ள எறங்கற பேச்சே கெடையாதுங்க. இதுக்குக் காரணம் நம்ம மதன்குமார் தம்பிதானுங்க," என்று சொல்லி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். மதன்குமார் அதைக் கழற்றி அந்தோணிராஜின் தோளில் போட்டார். அந்தோணிராஜுக்குக் கைதட்டியது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. அமலி அழுதேவிட்டாள்.

விழா முடிந்து தலைவரின் கார் கிளம்பியது. ஜனங்கள் ஆளுக்கொரு லட்டோடு கலைந்தார்கள். மதன்குமார் செல்போனை நீட்டி, தான் எடுத்த படத்தைக் காட்டினார்.

வண்டி பக்கத்தில் பொன்னாடையோடு நிமிர்ந்து நின்றார் அந்தோணிராஜ். ஏதோ ஓர் ஆபீசரைப் பார்ப்பது போல அந்தப் படத்தை அவர் பார்த்தார்.

"இது எங்களுக்கு ஒண்ணு வேணுங்க. கண்ணாடி போட்டு மாட்டோணும்," என்றாள் அமலி.

"பெருசாவே போட்டுக் கொண்டாறேனுங்க அக்கா. எங்க ஆபீசுலயும் இதைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கறாங்க."

அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உலை வைக்க வீட்டுக்குக் கிளம்பினாள். அந்தோணிராஜ் ஓஸைச் சுருட்டி வண்டியில் வைத்தார். பிறகு குனிந்து தொட்டியின் மூடியை இழுக்கப் போனார். மதன்குமார் ஓடிவந்து மரியாதையாக அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூடிப்போடாதீங்ண்ணா. நான் காட்டினது 'திட்டத்துக்குப் பின்' போட்டோ. 'திட்டத்துக்கு முன்' போட்டோவுக்கு ஒரே ஒரு நிமிஷம் உள்ள எறங்கி நில்லுங்க."