சத்தியமாக் கடைசி

"இருநூறு ஜிபியைக் காணேல்லை, லக்ஷன் அண்ணை. நான் எடுக்கேல்லை, சத்தியமா!"

"எடுத்துக் கைப்பைக்குள்ளை வைக்கிற சாமானே அது? தள்ளும், பாப்பம்."

வினோஜா கதிரையை விட்டு எழுந்தாள். மருதனார்மடம் சந்தியில் இருக்கும் தேவராசாவின் அச்சகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள். அங்கே அடிப்பது பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி பனர்கள். முதலாளி கடதாசி வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். போனுக்கும் பதில் இல்லை. கோப்பாய் குணலட்சுமி அம்மாவின் பனரை எடுக்க ஒரு மணிக்கு ஆட்கள் வருவார்கள். இரண்டு மணிக்குத் தகனத்துக்கு எடுக்கிறார்கள். இப்போது பன்னிரண்டு பத்து. பனரைச் சேமிக்கப் போனால், இடமில்லை என்கிறது கணினி.

"முந்தி இருந்த பிள்ளையை ஒரு பேர் பிழைச்சதுக்கே முதலாளி வேலையாலை நிப்பாட்டினவராம். எனக்குப் பனரே இல்லாமல் போச்சுதெண்டால்?"

"உமக்கும் ஒரு பனர் அடிக்கவேணும். அதுக்கும் இடமில்லை."

"பகிடி விடாதேங்கோ அண்ணை!" என்றவள் சிரித்துவிட்டாள். பயத்தில் வருகிற சிரிப்பு. தொடங்கினால் நிற்காது.

லக்ஷன் அவளுடைய தமையனின் சினேகிதன். பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். பிரித்த சோற்றுப் பார்சலைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடிவந்திருந்தான்.

"கண்ணுக்குத் தெரியிறதெல்லாத்தையும் கூட்டினால் எழுநூறு ஜிபி. டிஸ்க் தொளாயிரம். நிரம்பிட்டுதாம். அப்ப மிச்சம் ஆரின்ரையோ வயித்துக்குள்ளை கிடக்கு."

மறைத்து வைத்தவற்றையும் காட்டச் சொல்லி ஓரிடத்தில் ஒரு சரி அடையாளம் போட்டான். மங்கலாக ஒரு போல்டர் எழும்பி வந்தது. பெயர், 'முருகேசு, புத்தூர்'. அளவு, இருநூற்றிரண்டு ஜிபி.

"பிடிச்சாச்சு! ஆர் உந்த முருகேசு?"

"எனக்கென்ன தெரியும்? திறவுங்கோ."

உள்ளே அறுபத்துமூன்று பனர்கள். ஒவ்வொன்றும் மூன்று ஜிபிக்கு மேலே. வினோஜா பெயர்களை வாசித்தாள்.

"'கடைசி.' 'கடைசி ரெண்டு.' 'உண்மையான கடைசி.' 'இதுதான் கடைசி.' அண்ணை, 'சத்தியமாக் கடைசி' எண்டும் ஒண்டு கிடக்கு!"

"அதோடை முடிஞ்சுதே?"

"இல்லை. அதுக்குப் பிறகும் நாற்பது!"

நாலைந்தைத் திறந்தார்கள். எல்லாவற்றிலும் அதே ஆள். வெள்ளை மீசை, நெற்றி நிறையத் திருநீறு. மேலே அமரர் முருகேசு. கீழே குடும்பத்தாரின் பெயர்கள்.

"இதிலை 'றமேஸின் அன்பு மாமனாரும்' எண்டு கிடக்கு. அடுத்ததிலை றமேஸைக் காணேல்லை."

"அதுக்கடுத்ததிலை?"

"திரும்ப வந்திட்டார். ஐயோ, இதிலை திரும்பவும் போயிட்டார்! மகள் உதயகலா இதிலை 'பாசமிகு மகள்'. இதிலை பாசத்தைக் காணேல்லை, வெறும் மகள்."

"வெளிநாட்டுப் பிள்ளையளாயிருக்கும். முதல் பனர் ரெண்டாயிரத்து இருபதிலை, கடைசிப் பனர் போன கிழமை. மனிசன் செத்தும் விடாமல் அடிபடுகினம், பாரும்."

"செத்த திகதி ஒண்டிலையும் போடேல்லையே?"

"அதிலையும் ஒத்துவரேல்லையாக்கும்."

வினோஜா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. செத்தவர்கள் படத்தில் இருக்கிற கடையில் அப்படிச் சிரிக்கக் கூடாது. அது தெரிந்ததும் இன்னும் சிரிப்பு வந்தது.

"முதலாளி ஏன் அண்ணை இதை ஒளிச்சு வைச்சவர்?"

"குடும்ப மானம். வாற போற சனம் பாத்தால் ஊர் சிரிக்கும்."

"நாங்கள் சிரிக்கிறம்தானே?"

"நாங்கள் ஊரில்லை. நேரத்தைப் பாரும்."

பன்னிரண்டு முப்பத்தைந்து. பனர் அடிக்க மட்டும் இருபது நிமிடம் வேண்டும்.

"போன கிழமை செய்ததை வைச்சிருப்பம். மிச்சம் அறுபத்திரண்டையும் அழிப்பம்" என்றான் லக்ஷன். "குப்பைக்கூடைக்குள்ளை போட்டால் இடம் வராது. ஒரேயடியா அழிக்கவேணும். பேந்து எடுக்கேலாது."

"முதலாளி கேட்டால்?"

"செத்தவருக்கு ஒரு பனர் போதும். அறுபத்திமூண்டு தரம் ஆரும் சாகிறேல்லை."

வினோஜா மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். "குறை நினையாதேங்கோ ஐயா" என்று அதற்குச் சொல்லிவிட்டு, பட்டனைத் தானே அழுத்தினாள்.

இடம் வந்தது. பனர் சேமிக்கப்பட்டது. மெசின் உறுமியது. குணலட்சுமி அம்மா நெற்றி, மூக்கு, சங்கிலி என்று சாண் சாணாக வெளியே வந்தார். ஒரு மணிக்கு வந்தவர்கள், "படம் நல்ல வடிவாய் வந்திருக்கு, பிள்ளை" என்று சொல்லிக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் கேற்றைத் தாண்டியதும் வினோஜா கடதாசிச் சுருளின் மட்டைக் குழாயைத் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளே ஒரு சுற்றுச் சுற்றினாள். வேலை தப்பிவிட்டது. லக்ஷன் ஆறிய சோற்றைக் குழைத்து வாயில் வைத்தான்.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"தேவராசா இல்லையே? பரவாயில்லை, நீ செய் பிள்ளை. றமேஸின்ரை பேரை எடுக்கவேணும். நேற்று மூண்டு தரம் போன் அடிச்சனான், அவன் எடுக்கேல்லை. புதுசா ஒண்டும் செய்யவேண்டாம். அவன் இல்லாத பழசுகள் உள்ளுக்கை கனக்கக் கிடக்கு, அதிலை ஒண்டைத் திற."

லக்ஷனின் வாயில் சோறு அப்படியே நின்றது.

"இந்த முறை சத்தியமாக் கடைசி" என்றபடி தலைக்கவசத்தைக் கழற்றி, திரையில் மிஞ்சியிருந்த தன் படத்துக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் முருகேசு.