அந்தமானில் இறங்கிய குஞ்சுகள்

மண்ணூர்பேட்டை பார்சல் கூடத்தில் எண்ணூறு கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கின்றன. விடிகாலையில் பொரிந்த குஞ்சுகள். பூந்தமல்லி நஜீர் பாய் எட்டு அட்டைப்பெட்டிகளில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். கம்ப்யூட்டர்படி பார்த்தால் இவை பொரிவதற்கு ஒரு வாரம் முன்பே அந்தமானில் இறங்கி, சௌக்கியமாக நொய் கொத்திக்கொண்டிருக்கின்றன. தகரக் கூரை கொதிக்கிறது. "லாரி, பிளேன், படகு, மூணையும் ஒரே நம்பர்ல கோத்துருக்கு பாய்," என்கிறாள் திரைக்கு முன்னால் இருக்கும் ஷோபனா. "போன வாரத்துப் படகு இதுல வந்து மாட்டிக்கிச்சு. படகுல போய்ச் சேந்துட்ட சரக்கை லாரியில ஏத்த கம்ப்யூட்டர் உடாது." "அப்போ இங்க கத்துறது இன்னாம்மா, என் மச்சானா?" அவள் சிரிக்கவில்லை; மறுபடி போனை எடுக்கிறாள். முடிச்சை அவிழ்க்க வேண்டிய தலைமை அலுவலகம், பத்து மணியிலிருந்து இரண்டே நிமிஷம் அவகாசம் கேட்டுக்கொண்டிருக்கிறது. இப்போது மணி ஒன்றரை. பாய் குத்துக்காலிட்டு, பெட்டித் துளைகளுக்கு ரசீதுப் புத்தகத்தால் விசிறுகிறார். மின்விசிறியின் கடகடப்பை மீறிக் கேட்ட கத்தல் இப்போது அதற்கு அடியில் கேட்கிறது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. பிறகு மின்விசிறி மட்டும்.

திரை பச்சையாகிறது. "அவுந்துடுச்சி பாய்! ஏத்தலாம்." பாய் ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துக் கேட்கிறார். எட்டாவதிலும் கேட்டுவிட்டு எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொள்கிறார். "வேணாம்மா. அந்தமான்லயே உசுரோட கீதுங்கன்னு பழையபடி போட்டுடு."