முண்டாசுக்காரரின் வயிற்றுவலி

"பீங்கான் பட்டறையில வேலைங்களா?" முண்டாசு கட்டிய நோயாளியின் ஈறில் ஓடிய நீலக்கோட்டைக் கண்டு கேட்டார், விருத்தாசலம் மருத்துவர் தேவநாதன்.

"இல்லீங்க. ஆனா வயித்துவலி உசுரு போவுது."

"ஈறுல நீலக்கோடு இருக்குதே! பீங்கான்ல பளபளப்புக்குப் பூசுற ஈயச் செந்தூரம் உங்க உடம்புக்குள்ள போயிருக்குது. அது நஞ்சுங்க!"

"அந்தச் சிவப்புப் பொடியா? பட்டறையில மலிவா வாங்கி, தினம் கொஞ்சம் நாக்குல வைப்பேங்க."

"ஐயையோ, எதுக்கு?"

"நான் தின்னாத்தானே சனம் நம்பித் தின்னும்?"

கண் இமையைப் பார்க்க மருத்துவர் அவர் தலையை நிமிர்த்த, முண்டாசு அவிழ்ந்தது. மறைத்து வைத்திருந்த சடைமுடி சரிந்து விழுந்தது.

வாசலில் காத்திருந்த தங்கம்மாள் அலறினாள். "சாமீ! உங்க சிவப்புப் பிரசாதத்தைத் தின்ன பிறகும் வயித்துவலி நிக்கலன்னுதான் டாக்டர்கிட்ட வந்தேன். நீங்களுமா?"

"உள்ள வாங்கம்மா," என்றார் தேவநாதன். "கொடுத்த சாமிக்கும் தின்ன பக்தைக்கும் ஒரே பத்தியம்தான். அந்தப் பொடியைக் கண்டா வாயை மூடிக்குங்க!"